கணக்குப் பெட்டியின் சாவி யாரிடம்?

"கம்ப்யூட்டரில் அப்படித்தான் வந்திருக்கிறது. நாங்கள் என்ன செய்ய முடியும்?"

இந்த வார்த்தையைக் கேட்காத உழைப்பாளி இன்று பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் இருப்பாரா? ஆலை வாசலில் டைம் ஆபீசில் கேட்கிறோம். பாங்கிக் கவுண்டரில் கேட்கிறோம். ஊராட்சி ஆபீஸ் திண்ணையில் கேட்கிறோம். ரேஷன் கடையில் கைரேகை விழாத அன்று கேட்கிறோம். முன்பெல்லாம் மேஸ்திரியோடு வாதாடலாம். கணக்குப்பிள்ளையின் நோட்டைத் திறக்கச் சொல்லலாம். இன்று யாரோடு வாதாடுவது? கண்ணாடிப் பெட்டியோடா?

சில காலத்துக்கு முன் பெரம்பலூர் பக்கத்தில் ஒரு கிராமத்திற்குப் போயிருந்தோம். ஏரிக்கரையில் நூறு நாள் வேலை பார்த்த ஒரு மூதாட்டி தமது பாங்கிப் புத்தகத்தை நம் கையில் கொடுத்தார். "தம்பி, ஆறு நாள் மண்ணு வெட்டினேன். நாலு நாள் கூலிதான் ஏறியிருக்கு. கேட்டா, ரெண்டு நாள் போட்டோ ஏறலைங்கிறாங்க. டவர் இல்லையாம். டவர் இல்லாததுக்கு என் வயித்துல அடிக்கிறதா?" என்றார். நம்மிடம் உடனே பதில் இல்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் நம்மைத் தேடி வந்தார். ஆலையின் பெயர் வேண்டாம்; சொன்னால் அவர் வேலை போய்விடும். இரவு ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது விரல் வைத்திருக்கிறார். யந்திரம் பதியவில்லை. அரை நாள் ஆப்சென்ட். சூப்பர்வைசரிடம் சொன்னார், கண்டிராக்டரிடம் போ என்றார். கண்டிராக்டரிடம் சொன்னார், ஆபீசுக்குப் போ என்றார். ஆபீசில் சொன்னார்கள்: "சிஸ்டத்தை நாங்கள் தொட முடியாது, மேலிடத்துக்கு எழுத வேண்டும்." மூன்று வாரம் அலைந்தார். கிடைக்க வேண்டிய அரை நாள் கூலியைவிட அலைந்த செலவு அதிகம். "விட்டுட்டேன் தோழர்" என்றார்.

விட்டுவிடலாமா? விட்டுவிட வேண்டும் என்பதுதானே எதிர்பார்க்கப்படுகிறது! ஆகவே இந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசுவோம்.

முதலாளிகள் படிக்கும் பாடம்

பெரிய கம்பெனிகளின் டைரக்டர்கள் இன்று ஒரு பாடம் படிக்கிறார்கள். அதற்கு "ஐ.டி. கவர்னன்ஸ்" என்று பெயர். கேட்டால் பெரிய விஷயம்போல இருக்கும். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: கம்பெனியின் கம்ப்யூட்டர்களும் அவற்றில் உள்ள கணக்குகளும் ஒரு ஒழுங்கின் கீழ் இருக்க வேண்டும். எந்தக் கணக்கை யார் எழுதலாம்? எழுதியதை யார் திருத்தலாம்? திருத்தினால் அதன் அடையாளம் எங்கே நிற்கும்? தவறு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? இந்த நான்கு கேள்விக்கும் முன்கூட்டியே எழுதிவைத்த விடை இருந்தால் அது நல்ல நிர்வாகம். இல்லையென்றால் கம்ப்யூட்டர் எத்தனை கோடி ரூபாய்க்கு வாங்கியதானாலும் அது குப்பைத் தொட்டி.

நமக்கு இது புதிய விஷயமா? இல்லை. கோயில் உண்டியலுக்கு ஏன் ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டுப் போடுகிறோம்? ஏன் நாலு பேர் முன்னிலையில் எண்ணுகிறோம்? எவ்வளவு நல்லவரானாலும் ஒருவரிடமே எல்லாச் சாவியும் இருக்கக் கூடாது என்பதற்காகத்தானே! முன்னோர் உண்டியலுக்குச் செய்ததைத்தான் இவர்கள் கம்ப்யூட்டருக்குச் செய்யச் சொல்கிறார்கள்.

இந்த ஒழுங்கு உள்ள கம்பெனி போட்டியில் ஜெயிக்கும், இல்லாதது தோற்கும் என்பது அவர்கள் வாதம். இது பொய்யா? பொய்யல்ல. நமது அரியலூரையே பாருங்கள்.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த பூமி இது. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமெண்டு ஆலைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. தாமரைக்குளம், ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தளவாய் என்று சுற்றிச்சுற்றி ஆலைகள். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கல். ஒரே மார்க்கெட். ஒரே ரோடு. அப்படியானால் ஒரு ஆலை மற்றொன்றைவிட மூட்டைக்குச் சில ரூபாய் மலிவாக எப்படிச் செய்கிறது?

சூளையில் சுமார் 1,450 டிகிரி சூட்டில் கல் வெந்து கிளிங்கர் ஆகிறது. அந்தச் சூடு குறைந்தாலும் நஷ்டம், கூடினாலும் நஷ்டம். சூளை ஒரு முறை நின்றால் மறுபடி சூடேற்ற எரிபொருள் வீண். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளி திரையைப் பார்த்துத்தான் கல்லையும் கரியையும் காற்றையும் அளந்து விடுகிறார். திரையில் வரும் எண் சரியாக இருந்தால் கரி மிச்சம், மின்சாரம் மிச்சம். எந்த உதிரிபாகம் எப்போது தேயும் என்று ஸ்டோர் கணக்கு முன்கூட்டியே சொன்னால் சூளை நிற்காது. வாசலில் நிற்கும் லாரியின் எடையும் பில்லும் ஒரு நிமிஷத்தில் ஒத்துப்போனால் லாரி காத்துக்கிடக்காது. இப்படி இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று சேர்வதுதான் அந்தச் சில ரூபாய்.

ஆகவே யந்திரம் பொய் என்று நாம் சொல்லவில்லை. ஒழுங்கான கணக்கு லாபம் தரும் என்பதையும் மறுக்கவில்லை. நமது கேள்வி வேறு. அந்த ஒழுங்கு எது வரைக்கும் போகிறது? எந்த இடத்தில் நின்றுவிடுகிறது?

கல்லுக்கு உள்ள நியாயம் கூலிக்கு உண்டா?

ஆலை வாசலில் உள்ள எடைமேடையைக் கவனியுங்கள். அதைச் சர்க்காரின் எடையளவு இலாகா ஆண்டுக்கு ஒரு முறை சோதித்து முத்திரை போட வேண்டும் என்பது சட்டம். 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் அப்படிச் சொல்கின்றன. லாரி காலியாக ஒரு முறை, பாரத்தோடு ஒரு முறை எடை போடப்படுகிறது. சீட்டு அச்சாகி டிரைவர் கையில் வருகிறது. கணக்கில் வித்தியாசம் வந்தால் லாரியை ஓரம்கட்டி மறுபடி எடை போடுகிறார்கள். விற்பவன், வாங்குபவன், ஏற்றிப்போகிறவன் மூவரும் பார்க்கிறார்கள்.

இப்போது அதே வாசலில் உள்ள விரல்ரேகை யந்திரத்தைப் பாருங்கள். அது அளப்பது எதை? மனிதனின் எட்டு மணி நேரத்தை. அதற்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை உண்டா? பதிந்ததற்குச் சீட்டு உண்டா? வித்தியாசம் வந்தால் மறுபடி அளக்கும் வழி உண்டா? உள்ளே ஒருவர் நேரத்தைத் திருத்தினால் அந்தத் திருத்தத்தைத் தொழிலாளி பார்க்க முடியுமா? பல இடங்களில் இதில் ஒன்றும் கிடையாது. சிமெண்டும் கரியும் காண்டாமணலும் ஏறினால் விரல் ரேகை தேய்ந்துபோகும் என்பது யாருக்கும் தெரியாததா? அதிகம் உழைத்த கையைத்தான் யந்திரம் அதிகம் மறுக்கிறது. இது என்ன நியாயம்?

சுண்ணாம்புக்கல் தவறாக அளக்கப்பட்டால் நஷ்டம் முதலாளிக்கு. ஆகவே அங்கே நாலு பூட்டு. உழைப்பு தவறாக அளக்கப்பட்டால் நஷ்டம் தொழிலாளிக்கு. ஆகவே அங்கே ஒரு பூட்டும் இல்லை. நல்ல நிர்வாகம் என்று அவர்கள் பெருமைப்படுவது கூலிக் கணக்கின் வாசலில் வந்ததும் நின்றுவிடுகிறது. நாம் சொல்ல வந்த விஷயம் இதுதான்.

சாவி மேலே இருந்தால்

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்கிறார்கள். ஆனால் அதை வைத்திருப்பவர்?

ஐதராபாத்தில் சத்யம் என்று ஒரு கம்பெனி இருந்தது. கம்ப்யூட்டர் தொழிலே அதன் தொழில். உலகத்துப் பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் கணக்கை ஒழுங்குபடுத்தித் தந்த கம்பெனி. நல்ல நிர்வாகத்துக்கென்று 2008இல் "தங்க மயில்" என்ற சர்வதேசப் பரிசும் வாங்கியது. நாலே மாதம் சென்றது. 2009 ஜனவரி 7ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு தாமே கடிதம் எழுதிக் கையெழுத்திட்டார்: பாங்கியில் இருப்பதாகக் காட்டிய தொகையில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை!

எப்படிச் செய்தார்கள்? பில் போடும் கம்ப்யூட்டரிலேயே செய்தார்கள். எல்லா ஊழியருக்கும் ஒரு சாவி என்றால், மேலே சிலருக்கு மட்டும் எல்லாவற்றையும் திறக்கும் சாவி. அதைக் கொண்டு 7,500க்கு மேற்பட்ட பொய் பில்களைப் புகுத்தினார்கள். வேலை செய்த இலாகாக்களின் கண்ணில் அந்தப் பில்கள் படாமல் மறைக்கும் குறியும் போட்டார்கள். சி.பி.ஐ. விசாரணையில் இது வெளிவந்தது. 2015 ஏப்ரலில் ராஜு உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஐதராபாத் விசேஷக் கோர்ட்டு தண்டனை விதித்தது; அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். கடிதம் வெளியான ஒரே நாளில் கம்பெனிப் பங்கின் விலை முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது. சுமார் 50,000 ஊழியர்கள் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தவித்தார்கள். 2009லேயே கம்பெனி வேறு கைக்குப் போயிற்று. வேலியே பயிரை மேய்ந்தது. பட்டினிப் பயம் மட்டும் பயிருக்கு!

இன்னொரு கதை பாங்கிக் கதை. 2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் பாங்கி ஒரு மோசடியை வெளியிட்டது. பம்பாயில் பிராடி ஹவுஸ் என்ற ஒரே கிளையில் 11,000 கோடி ரூபாய்க்கு மேல். பின்னர் அது 13,000 கோடியையும் தாண்டியது. வெளிநாட்டு பாங்கிகளுக்கு உத்தரவாதம் அனுப்ப "ஸ்விஃப்ட்" என்று ஒரு தந்தி முறை. பாங்கியின் சொந்தக் கணக்குக்கு வேறொரு கம்ப்யூட்டர். இரண்டுக்கும் இணைப்பு இல்லை. உத்தரவாதம் வெளியே பறந்தது. பேரேட்டில் ஒரு வரி ஏறவில்லை. வைர வியாபாரிகளான நீரவ் மோடியும் மெகுல் சோக்சியும் சம்பந்தப்பட்ட வழக்கு அது. 2016 ஆகஸ்டு முதற்கொண்டு மூன்று முறையாவது பாங்கிகளை எச்சரித்ததாக ரிசர்வ் பாங்கி பின்னர் அறிக்கை விட்டது. எச்சரிக்கை ஏட்டில் இருந்தது. பூட்டு கதவில் இல்லை. விவசாயி ஐம்பதாயிரம் கடன் கேட்டால் சிட்டா, அடங்கல், ஜாமீன் என்று பத்து முறை நடக்கவிடும் உலகத்தில்தான் இதுவும் நடந்தது!

குற்றம் கீழே விழுந்தால்

மேலே சாவி வைத்திருப்பவன் திருடினால் அப்படி. கம்ப்யூட்டரே தவறு செய்தால்? அதற்கு உலகம் அறிந்த சாட்சி இங்கிலாந்துத் தபால் இலாகா.

அங்கே ஊர்தோறும் சிறிய தபாலாபீஸ்கள். நம்மூர்க் கிளைத் தபாலாபீஸ் போல, கடையோடு சேர்த்துக் கமிஷனுக்கு நடத்துபவர்கள் ஏராளம். அவர்களில் நம் நாட்டிலிருந்து குடியேறியவர்களும் உண்டு. 1999 முதல் அவர்கள் மேஜையில் "ஹொரைசன்" என்ற கணக்கு யந்திரத்தை வைத்தார்கள். புஜித்சு கம்பெனி செய்து தந்தது. மாலையில் கணக்கு முடித்தால் பணம் குறைகிறது என்று யந்திரம் சொல்லும். ஆயிரம் பவுன், பத்தாயிரம் பவுன். "நான் எடுக்கவில்லை ஐயா" என்று அழுதார்கள். "யந்திரம் சொல்கிறது, கட்டு" என்றார்கள். வீட்டை விற்றுக் கட்டினார்கள். கட்டாதவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். யந்திரம் சரியாகவே இயங்கியிருக்கும் என்று கோர்ட்டும் எடுத்துக்கொண்டது. 1999க்கும் 2015க்கும் இடையே 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்புப் பெற்றார்கள். சிலர் சிறை சென்றார்கள். சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். ஒவ்வொருவரிடமும் "உன் ஒருவனுக்குத்தான் இப்படி" என்றே சொல்லப்பட்டது.

எப்போது உடைந்தது? அவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்த அன்று உடைந்தது! 555 பேர் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டார்கள். யந்திரத்தில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் லண்டன் ஹைகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. தபாலாபீஸ்காரருக்குத் தெரியாமலே தூரத்திலிருந்து அவர் கணக்கைத் தொட கம்பெனி ஆட்களால் முடிந்திருக்கிறது என்பதும் வெளிப்பட்டது. முடியவே முடியாது என்று வருஷக்கணக்கில் சாதித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். 2024இல் பார்லிமெண்டே சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது. ஈட்டுத்தொகை நூறு கோடி பவுனைத் தாண்டிவிட்டது. இதுதான் கணக்கை ஒழுங்காக நிர்வகித்த லட்சணமா? போட்டியில் ஜெயிப்பது இருக்கட்டும். நூற்றாண்டுகள் கண்ட ஸ்தாபனத்தின் மானமே கப்பலேறியது.

இங்கிலாந்துக்காரரின் மாலைக் கணக்கும் நமது மூதாட்டியின் ஏறாத போட்டோவும் ஒன்றுதான். இருவரிடமும் சொல்லப்பட்டது ஒரே வார்த்தை: "யந்திரம் அப்படித்தான் சொல்கிறது."

ஏரிக்கரையில் நடந்தது

நூறு நாள் வேலையில் நடந்ததைப் பாருங்கள். கைபேசி வழி வருகைப் பதிவு 2021இல் அறிமுகமாயிற்று. 2023 ஜனவரி 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலைத்தலங்களிலும் கட்டாயம் என்றார்கள். ஒரு நாளைக்கு இரண்டு போட்டோ. அடுத்து 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாகத்தான் கூலி என்றார்கள். திருட்டைத் தடுக்கவே இத்தனையும் என்றார்கள். பொய் மஸ்டரில் கூலி தின்றவர்கள் இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. அவர்களைப் பிடிக்க வேண்டும் என்று முதலில் கத்தியவர்களே நாம்தான்.

திருட்டு நின்றதா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி இலாகாவே ஒரு சுற்றறிக்கை விட்டது. போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள் என்று அதில் ஒப்புக்கொண்டது. திருடத் தெரிந்தவன் யந்திரத்தையும் ஏமாற்றக் கற்றுக்கொண்டான். ஏமாற்றத் தெரியாத கிழவிதான் டவர் இல்லாத ஏரிக்கரையில் கூலி இழந்தாள். எண்ணெய் செலவு, பிள்ளை பிழைக்கவில்லை.

2025 டிசம்பரில் அந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டத்தைப் பார்லிமெண்டு நிறைவேற்றியது. 125 நாள் என்கிறது. செலவில் நூற்றுக்கு நாற்பதை நம் மாநிலம் போன்றவற்றின் தலையில் வைக்கிறது. அதன் நன்மை தீமையைத் தனியே பேச வேண்டும். இங்கே ஒன்று மட்டும்: புதிய சட்டத்திலும் கைரேகையும் கைபேசியும் உண்டு. பெயர் எதுவானாலும், போட்டோ ஏறாத நாளுக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பொறுப்பு என்றால் என்ன?

பொறுப்பு என்றால் என்ன என்று அரியலூர்க்காரருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். 1956 நவம்பர் 23ஆம் தேதி விடியற்காலை, வெள்ளம் புரண்ட மருதையாற்றில் ரயில் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அன்று ரயில்வே மந்திரியாக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. பாலத்தைக் கட்டியவர் அவரல்ல. வெள்ளத்தை விட்டவரும் அவரல்ல. ஆனாலும் ராஜிநாமா செய்தார். அந்த ஆட்சியோடு நமக்கு ஆயிரம் பேதம் உண்டு. ஆயினும் "இலாகா என்னுடையது; பதில் சொல்ல வேண்டியவன் நான்" என்று ஒருவர் முன்வந்தார் என்பதை மறுக்க முடியுமா?

இன்று என்ன நடக்கிறது? "சர்வர் டவுன்" என்கிறார்கள். சர்வருக்கு முகம் உண்டா? முகவரி உண்டா? அது ராஜிநாமா செய்யுமா? பொறுப்பைக் கம்ப்யூட்டரின் முதுகில் ஏற்றிவிட்டு மனிதர்கள் நழுவுகிறார்கள். நல்ல நிர்வாகத்தின் முதல் இலக்கணமே இங்கே செத்துப்போகிறது.

நாம் யந்திரத்துக்கு விரோதிகளா?

தொழிலாளி யூனியன் கேள்வி கேட்டதும் ஒரு பழி வரும்: "இவர்கள் கம்ப்யூட்டருக்கே விரோதிகள்!" 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவில் இன்சூரன்ஸ் ஊழியர்கள் இலாக்கோ ஹவுஸ் வாசலில் இரவு பகலாகக் காவல் நின்று கம்ப்யூட்டரை உள்ளே விடாமல் மறித்தார்கள் என்பது உண்மை. அன்று அவர்கள் பயந்தது ஆட்குறைப்புக்கு. பயப்படக் காரணமும் இருந்தது. பிறகு 1983 செப்டம்பரில் பாங்கி ஊழியர் சங்கங்கள் பாங்கிகளின் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. எந்த அளவுக்கு யந்திரம், எந்த நிபந்தனையில் என்று எழுதிக் கையெழுத்திட்டன. யந்திரம் வந்தது, ஆனால் ஊழியனைக் கேட்டுக்கொண்டு வந்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய படிப்பினை இதுவே.

சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. ஆட்குறைப்புக்கு வழி செய்யக்கூடிய யந்திர மாற்றத்தை 21 நாள் முன்னறிவிப்பு இன்றிச் செய்யக் கூடாது என்று 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவு சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் வந்துள்ள தொழில் உறவுத் தொகுப்பிலும் 40ஆம் பிரிவில் அந்த முன்னறிவிப்பு இருக்கிறது. அந்தத் தொகுப்பு பல உரிமைகளைப் பறித்தது என்பது வேறு விஷயம். பறிபோகாமல் மிஞ்சியதை முதலில் கையில் எடுப்போம்.

தொழிலாளி கையில் நிர்வாகம் போனால் கம்ப்யூட்டர் துருப்பிடித்துவிடுமா? வடகரைக்குப் போய்ப் பாருங்கள். கேரளத்தில் 1925இல், வாக்படானந்தர் என்ற சீர்திருத்தவாதியின் வழியில் நின்ற கூலியாட்கள் ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கல் சுமந்தவர்கள், ரோடு போட்டவர்கள். நூறு ஆண்டாகிவிட்டது. இன்று பாலமும் சாலையும் கட்டும் பெரிய ஸ்தாபனம் அது. தொழிலாளி உறுப்பினர்களே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே சங்கம் கம்ப்யூட்டர் கம்பெனியும் நடத்துகிறது. 2016இல் கோழிக்கோட்டில் சைபர் பார்க்கும் திறந்தது. தனியார் கண்டிராக்டர்களோடு போட்டி போட்டு நிற்கிறது. எதனால்? கணக்கைப் பார்க்கிற கண்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால்! சத்யத்தில் பார்க்கக் கூடாதவர் கண்ணில் படாமல் மறைத்தார்கள்; மூழ்கிற்று. ஊராளுங்கலில் உழைப்பவனே கணக்கின் சொந்தக்காரன், நிற்கிறது.

நமது ஜில்லாக்களிலும் ஜனங்களின் சொத்தான ஆலைகள் இருக்கின்றன. அரியலூரில் அரசு சிமெண்டு ஆலை 1979 முதல் ஓடுகிறது. 2021இல் "வலிமை" என்ற பெயரில் அரசு சிமெண்டு மார்க்கெட்டுக்கு வந்தது. எறையூரில் பொதுத்துறைச் சர்க்கரை ஆலை இருக்கிறது. இவை தனியார் பூதங்களோடு போட்டியிட்டு நிற்க வேண்டும் என்பதில் நமக்கு அக்கறை உண்டு. வெட்டு உத்தரவு எந்த வரிசையில், எந்த நாளில் வருகிறது? வண்டி எவ்வளவு நேரம் காத்துக்கிடந்தது? எடை என்ன? சர்க்கரைக் கட்டுமானம் என்ன? இவை விவசாயியும் தொழிலாளியும் பார்க்கும்படி பலகையில் நின்றால் சந்தேகம் போகும், கரும்பு தேடி வரும், ஆலை பிழைக்கும். திறந்த கணக்கு பொதுத்துறைக்குப் பலவீனமல்ல, பலம்.

நாம் என்ன கேட்க வேண்டும்?

கோபப்பட்டால் மட்டும் போதாது. தெளிவாகக் கேட்க வேண்டும். ஆலைத் தொழிலாளிகள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இவற்றைச் சேர்க்கட்டும்:

ஒன்று: உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் ஒவ்வொரு தொழிலாளிக்கும், ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, சீட்டாகவோ கைபேசிச் செய்தியாகவோ அன்றன்றே வர வேண்டும்.

இரண்டு: யந்திரம் பதியாவிட்டால் கூலி வெட்டு இல்லை. பக்கத்தில் ஒரு நோட்டு; அதில் தொழிலாளியும் சூப்பர்வைசரும் கையெழுத்து.

மூன்று: பதிந்த நேரத்தை யார், எப்போது, ஏன் திருத்தினார் என்ற பட்டியல் மாதாமாதம் தொழிலாளர் பிரதிநிதியின் பார்வைக்கு வர வேண்டும்.

நான்கு: தகராறு வந்தால் பதில் சொல்ல வேண்டிய அதிகாரியின் பெயர் வாசலில் பலகையில் இருக்க வேண்டும். ஏழு நாளில் தீர்ப்பு; தீராவிட்டால் கூலி தொழிலாளிக்கே.

ஐந்து: புதிய யந்திரத்துக்கு முன்னறிவிப்பும் பேச்சுவார்த்தையும் வேண்டும். அதனால் வரும் மிச்சத்தில் கூலிக்கும் பங்கு வேண்டும்.

கிராமத்துத் தோழர்கள் கேட்க வேண்டியது இன்னும் சுலபம். போட்டோ ஏறாத நாளுக்குக் காகித மஸ்டரே சாட்சி. வாரம் முடிந்ததும் யாருக்கு எத்தனை நாள், எவ்வளவு கூலி என்ற பட்டியலை ஊராட்சிச் சுவரில் ஒட்டட்டும். படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கிராம சபையில் சமூகத் தணிக்கை நடக்கும் அன்று வீட்டில் இருக்காதீர்கள். வேலைக்குப் போகும் நாளையெல்லாம் ஒரு காலண்டரில் கோடு போட்டு வையுங்கள். சுவரில் தொங்கும் அந்த ஒரு ரூபாய்ப் பென்சில் கோடு, கோடி ரூபாய்க் கம்ப்யூட்டரைக் கேள்வி கேட்கும் ஆயுதம்.

முதலாளிகளே, உங்கள் பாடப் புத்தகத்தைத்தான் நாங்கள் திருப்பிப் படிக்கிறோம். யார் எழுதினார், யார் திருத்தினார், அடையாளம் எங்கே, பொறுப்பு யாருக்கு? கரிக்கும் கல்லுக்கும் நீங்கள் கேட்கும் இந்த நாலு கேள்வியை எங்கள் கூலிக்கு நாங்கள் கேட்கிறோம்.

அந்த மூதாட்டியின் கதையைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. நாம் மறுபடி அந்த ஊருக்குப் போனபோது அவரோடு இன்னும் பதினோரு பேர் பாங்கிப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு பேருக்கும் அதே இரண்டு நாள் குறைந்திருந்தது. அதுவரை ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தார்கள். பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரே மனுவில் கைநாட்டும் கையெழுத்தும் வைத்து ஒன்றிய ஆபீசுக்குப் போனார்கள். காகித மஸ்டரை எடுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு பேரும் அந்த இரண்டு நாளும் வேலைக்கு வந்தது அதில் இருந்தது. கூலி பிறகு வந்து சேர்ந்தது.

"டவர் இப்பவும் இல்ல தம்பி, ஆனா நாங்க இருக்கோம்" என்றார் அவர்.